கறிப்பலகை மேல் ஏறியவன்

ஏதென்ஸ் நகரத்துக்கு ஒரு பகல் நடைத் தூரத்தில், கடல் கண்ணுக்குத் தெரிந்தும் மீன் கிடைக்காத ஒரு மலைச்சரிவில், ஐம்பது ஆண்கள் வட்டமாக நின்று ஒரே தொண்டையாகப் பாடிய காலத்தில், செத்தவனைப் பற்றிப் பாடத்தான் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, செத்தவனாக எழுந்து நிற்க ஒருத்தனுக்கும் தோன்றியதில்லை. குளிர் முடிந்து புது மதுச்சாடி திறக்கும் மூன்று நாள் திருவிழாவில் வருஷா வருஷம் அதே பாட்டுதான்: கடவுள் கொடுத்த முதல் திராட்சைக்கொடியை ஒரு பழைய ராஜா நட்டான், முதல் மதுவை மேய்ப்பர்களுக்கு ஊற்றிக் கொடுத்தான், தலை சுற்றியதும் விஷம் வைத்துவிட்டான் என்று அவர்கள் அவனைத் தடியால் அடித்தே கொன்றார்கள், அவன் விழுந்தான், விழுந்தான், விழுந்தான் என்று பலிமேடையைச் சுற்றிச் சுற்றி வந்து பாடுவார்கள். நன்றாகப் பாடியதற்கு ஓர் ஆடு பரிசு. அந்த ஆட்டைக் கொடுப்பவள் மிர்ரினா.

சும்மா கொடுப்பவள் இல்லை அவள். ஓர் ஆட்டுக்கு மேற்குச் சரிவு முழுவதும் ஒரு வருஷ மேய்ச்சல் என்று ஊர்த்தலைவர் தைனியாஸைப் பேசிப் பேசியே படிய வைத்தவள். பன்னிரண்டு வயதில், கேட்க நாதியில்லாமல், சந்தையில் யாரும் சீந்தாத ஒரு நொண்டி வெள்ளாட்டை முன்னால் ஓட்டிக்கொண்டு இந்த ஊருக்குள் நுழைந்தவள், இன்றைக்கு மந்தை மலையை மறைக்கிறது என்றால் அது யார் போட்ட பிச்சையும் இல்லை. அவள் கத்தினால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் விலை இறங்கும் என்பார்கள். அவள் புருஷன் லைக்கோன் மது கசியாமலிருக்கச் சாடிகளுக்கு உள்பக்கம் கீல் என்ற கறுப்புப் பிசின் பூசுகிறவன், வாயைத் திறந்தால் காற்றுக்கு வலிக்குமோ என்று யோசிக்கிற ஆள். சந்தையில் அவளிடம் பேரம் பேசாமல் சொன்ன விலைக்கே ஆடு வாங்கிப் போன ஒரே மனிதன் அவன்தான். இப்படி ஓர் ஏமாளியை வெளியே விட்டு வைப்பது ஆபத்து என்று கட்டிக்கொண்டாள்.

அந்த மூன்று நாளும் செத்தவர்கள் மேலே வருவார்கள் என்பது ஊருக்குத் தெரிந்த சங்கதி. அவர்கள் வீட்டுக்குள் நுழையாமலிருக்க வாசற்படியில் கீல் பூசுவார்கள், காலையில் எழுந்ததும் முள்ளிலையை மெல்லுவார்கள், மூன்றாம் நாள் பானை நிறையத் தானியம் வேகவைத்து, வாழ்கிறவன் ஒருத்தனும் அதில் கை வைக்காமல், பாதாளத்துக்கு வழிகாட்டும் தெய்வத்துக்குப் படைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் தலைவர் பானையைத் தட்டி ஒரே ஒரு வாசகம் சொல்வார்: “வெளியே போங்கள், திருவிழா முடிந்தது.” போய்விடுவார்கள். வாசற்படியைக் கழுவிவிட்டு ஊர் தூங்கும்.

அப்படிப்பட்ட ஒரு மூன்றாம் நாள் மத்தியானம், பாட்டு ‘விழுந்தான்’ என்ற இடத்துக்கு வந்தபோது, மூன்றாம் வரிசையில் இருபது வருஷமாக நின்ற லைக்கோன், யாரோ கூப்பிட்டதுபோல வட்டத்தை விட்டு விலகி, பலி ஆட்டை வெட்டும் கறிப்பலகையின் மேல் ஏறி, சாடியடி வண்டலை முகத்தில் அப்பிக்கொண்டு, “விழுந்தவன் நான்தான். ஏன்டா அடிச்சீங்க?” என்றான்.

அவன் குரல் இல்லை அது. அவன் மண்டையும் இல்லை. நெற்றிக்கு மேலே தடி இறங்கிய பள்ளம் ஒரு கைப்பிடி ஆழத்துக்குத் தெரிந்தது, அதில் பழைய மழைத்தண்ணீர் கொஞ்சம் தேங்கி நின்றது. பாட்டு நின்றது. கறி வெட்டுகிறவனின் பெண்டாட்டி முதலில் வாயைத் திறந்தாள்.

“ராஜா, செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. கறி வெக்கிற எடம்.”

ராஜா கழற்றினார். மேய்ப்பர் வீட்டுக்காரர்கள் நாலு பேர் முன்னால் வந்து, அது எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் செய்த தப்பு, எங்களுக்கு அதில் பங்கு இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்கள். ராஜா அவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார், மூக்கைப் பார்த்தே அடையாளம் தெரிகிறது என்றார். சிலர் அழுதார்கள், அழுதது இதமாக இருந்தது என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள். பொழுது சாயும் முன் தைனியாஸ் பானையைத் தட்டி வாசகத்தைச் சொன்னார், பள்ளம் மூடியது, பலகை மேல் லைக்கோன் நின்று கண்ணைச் சிமிட்டி, தின்ன அத்திப்பழம் இருக்கிறதா என்று கேட்டான்.

“எங்கய்யா போயிருந்தே?” என்றாள் மிர்ரினா.

“தெரியல. வெயில் இல்லாத எடம்.”

அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அவன் கையைப் பிடித்தபோது அது ஊற்றுக்குள் கிடந்த கல் போல இருந்தது. சூடு ஏற ஒரு பகல் ஆயிற்று. அந்த ஒரு பகலை அவள் மனசுக்குள் விரல் மடக்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஊர் தயாராகிவிட்டது. அதிசயம் என்று வாயைப் பிளந்து நிற்க மலைக்காட்டுச் சனத்துக்கு நேரம் ஏது? ராஜா வர முடியுமென்றால் எங்கள் வீட்டு ஆளும் வர முடியும்தானே என்று வரிசையில் நின்றார்கள். மாமியாரிடம் வெண்ணெய்க்கட்டிப் பக்குவம் கேட்க ஒருத்தி, கிணற்றில் விழுந்த மகனிடம் குளிருதா என்று கேட்க ஒருத்தி, செத்த தகப்பனை நாலு வார்த்தை திட்டித் தீர்க்க ஒருத்தன். லைக்கோன் பலகை மேல் ஏறி ஒவ்வொருத்தராக ஆனான். திட்ட வந்தவன் திட்டாமல் திரும்பிப் போனான். அந்த முறை லைக்கோன் திரும்பி வந்தபோது, ஆட்டை ஆடு என்று அடையாளம் சொல்ல அவனுக்கு நான்கு நாள் ஆயிற்று.

“போதும். இனிமே ஏறக் கூடாது,” என்று மிர்ரினா சட்டியைத் தரையில் போட்டு உடைத்தாள்.

“இருபது வருஷம் மூணாவது வரிசையில நின்னேன், மிர்ரினா. ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்ததில்ல.”

“அங்க ஏறி நின்னா மட்டும் உன் மூஞ்சியவா பாக்கறாங்க?”

அவன் சாடிக்குள் கையை விட்டுக் கீல் பூசிக்கொண்டே இருந்தான். முதல் வருஷம் ஒரு பகல், இரண்டாம் வருஷம் நான்கு நாள், மூன்றாம் வருஷம் எத்தனை என்று அவள் தனக்குள் கேட்டுப் பார்த்தாள், விடை வந்ததும் கேட்டதே தப்பு என்று ஆட்டுக்குத் தழை அள்ளப் போனாள்.

மூன்றாம் வருஷம் வந்தது எல்லைக்கல் வழக்கு. முந்தின அறுவடையில் ஆலிவ் மரத்து ஏணியிலிருந்து விழுந்து செத்த நௌசோன், கட்டிக்கொள்ளாத தனிக்கட்டை. அவன் நிலம் ஊர்க்கோயிலுக்குப் போகவேண்டியது. பக்கத்து நிலம் தம்பி சிமோனுடையது. அண்ணனை எரித்த வாரமே சிமோன் எல்லைக்கல்லைப் பிடுங்கி ஒன்பது அடி தள்ளி நட்டான், கேட்டதற்கு, உயிரோடு இருந்தபோது அண்ணன் திருடி நகர்த்தியதைத்தான் இருந்த இடத்தில் திருப்பி வைத்தேன் என்றான். ஊர் நம்பவில்லை. எல்லைக்கல்லைத் தொட்டவனுக்கு அந்த ஊரில் நெருப்பும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. சிமோனின் பிள்ளைகள் மூன்று மாதமாக மழைத்தண்ணீர் பிடித்துக் குடித்தார்கள்.

“நௌசோனையே கேட்டுப்புடுவோம்,” என்றார் தைனியாஸ்.

மிர்ரினா தடுத்தாள், கத்தினாள், மேய்ச்சலே வேண்டாம், பரிசுக்கு வந்து நிற்கிற ஆட்டையும் திருப்பித் தரவேண்டாம் என்றுகூடச் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. லைக்கோன் சிமோனின் பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பலகை மேல் ஏறினான்.

நௌசோன் வந்தான். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முதலில் முகத்தைத் தூக்கி வெயிலைப் பார்த்தான், நெடுநேரம் பார்த்தான். கல் எங்கே இருந்தது என்று தலைவர் கேட்டார். “அது ஒரு பெரிய கதை, தலைவரே,” என்று ஆரம்பித்து, தன் தாத்தா காலத்து வேலியிலிருந்து சொல்லிக்கொண்டே போனான், பொழுது சாய்ந்துகொண்டே போனது, கல்லுக்குக் கதை வந்து சேரவில்லை. “பாக்கியை நாளைக்குச் சொல்றேன்.”

இங்கேதான் அந்த ஊர் அந்தத் தப்பைச் செய்தது. தைனியாஸ் பானையைத் தட்டக் கையை ஓங்கி, ஓங்கிய கையை இறக்கிவிட்டார்.

“பாதி வழக்குல சாட்சியை அனுப்ப முடியுமா? திருவிழா இன்னும் முடியலன்னு வெச்சுக்குவோம்.”

நாளைக்கு என்றால் அவர்களுக்குச் சந்தோஷம்தான், இன்னொரு நாள் குடிக்கலாம். நாளை வந்தது, அதற்கு நாளை வந்தது. படையல் பானை புளித்துப் பொங்கிக் காய்ந்தது. நௌசோன் ஒவ்வொரு நாளும் கதையைக் கல்லுக்குப் பத்தடி முன்னால் நிறுத்திவிட்டு, லைக்கோனின் காலால் நடந்து தன் நிலத்துக்குப் போய்க் கொத்தினான். ஒன்பதாம் நாள் மிர்ரினா தலைவரின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து வாசகத்தைச் சொல்ல வைத்தாள். சொன்னார். பானையைத் தட்டினார், தட்டியதில் பானை விரிசல் விட்டது. நௌசோன் மண்வெட்டியில் சாய்ந்து நின்று, “அது அந்த நாளுக்குண்டான வார்த்தை, தலைவரே. நாள் போயிருச்சே,” என்றான், கொஞ்சம் பரிதாபமாகவே சொன்னான்.

மாயம் அவளைப் பயமுறுத்தவில்லை. ஊர் பழகிக்கொண்ட வேகம்தான் பயமுறுத்தியது. ஒரு மாதத்தில் அவனை நௌசோன் என்றே கூப்பிட்டார்கள். பாட்டில் மூன்றாம் வரிசையில் இருந்த சந்து மூடிக்கொண்டது. சாடிக்குக் கீல் பூசப் பக்கத்து ஊர்க்காரனை வைத்தார்கள். “அண்ணி, ஆளு உசுரோடதானே இருக்காரு, உடம்புக்கு ஒண்ணுமில்லையே,” என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார்கள். அவள் தினமும் சரிவில் நின்று அந்தக் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் கீலின் கறுப்பு இருந்தது, நகம் வளர வளரக் கறுப்பு நுனிக்கு நகர்ந்தது. இன்னும் இரண்டு தடவை நகம் வெட்டினால் அதுவும் போய்விடும்.

வாழ்நாளெல்லாம் சந்தையில் நின்றவளுக்கு ஓர் ஆளைப் பார்த்தால் தெரியாதா? விலை சொல்லாமல் இழுத்துக்கொண்டே போகிறவன் விற்க வந்தவன் இல்லை. அவள் வேலியைத் தாண்டிப் போய் நேருக்கு நேர் நின்றாள்.

“என்ன வேணும் உனக்கு? சொல்லு. ஆடு வேணுமா? நிலம் வேணுமா? கேளு, தரேன்.”

“வெயில்,” என்றான் நௌசோன்.

அவளிடம் இல்லாத சரக்கு.

“உன் வீட்டுக்காரன் அங்க கஷ்டப்படல, மிர்ரினா. அங்க யாரும் கஷ்டப்படறதில்ல. அதுதான் பொறுக்க முடியல.” புருஷனின் கண்ணால் அவளைப் பார்த்துச் சொன்னான். “கல்லு கதையை முடிச்சா நான் போகணும்னு எனக்கே தோணிரும். அதான் முடிக்கல.”

அவனை அடிக்கக் கல்லைத் தூக்கியவள், அடி விழுவது யார் மண்டையில் என்று நினைத்துக் கீழே போட்டாள்.

மறுநாள் காலை, நல்ல வெயிலில், ஐம்பதில் ஒன்று குறைந்த ஆண்கள் வேறொரு பாட்டுப் பழகிக்கொண்டிருக்க, நௌசோன் ஓர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்க, பெண்கள் விளிம்பைத் தாண்டாத அந்த ஆட்டக்களத்தின் நடுவில் மிர்ரினா நடந்து போனாள். “அண்ணி, அண்ணி, இங்கெல்லாம் வரக் கூடாது,” என்று யாரோ ஒருத்தன் சொன்னான். தள்ளிவிட்டாள். பலகை மேல் ஏறினாள், செருப்பைக் கழற்றவில்லை. வாசகத்தை அதன் நாளில் சொல்லாததால் திருவிழா இன்னும் மூடாமலே கிடந்தது. வண்டலை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டு, ஊர் மறந்துபோன பெயரைத் தன்னுடைய பெயராக உரக்கச் சொன்னாள்.

“நான் லைக்கோன்.”

அதற்குப் பிறகு மேலே நடந்தது எதையும் அவள் பார்க்கவில்லை. அவள் இருந்த இடத்தில் வெயில் இல்லை, இருட்டும் இல்லை, மாவு அரைக்கிற அறையில் தூசி நிற்பதுபோல வெளிச்சம் அசையாமல் நின்றது. நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் எதையும் வேண்டும் என்று கேட்கவில்லை, வேண்டாம் என்றும் தள்ளவில்லை. பக்கத்தில் ஒரு கிழவர் அவள் முழங்கையைத் தொட்டு, “வந்துட்டியா, நௌசோனு?” என்றார். இல்லை என்று கத்த நினைத்தாள். கோபம் இருக்கவேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தாள், வழவழவென்று இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது, அந்தப் பயமும் மெல்ல ஆறிக்கொண்டே வந்தது.

மேலே நடந்ததைப் பிறகு ஊரில் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்கள், எல்லாரும் ஒத்துக்கொண்டது இவ்வளவு: மிர்ரினாவின் உடம்பில், மிர்ரினாவின் தொண்டையில், லைக்கோன் மெதுவாகப் பேசினான். அதுவரை ஒருத்தன் சொல்ல ஐம்பது பேர் கேட்டதுதான் உண்டு. ஒருத்தன் எதிரே இன்னொருத்தன் நின்று பதில் சொல்லி அந்தக் களம் பார்த்ததில்லை.

“நௌசோனு, உன் அப்பா என் பக்கத்துல உட்கார்ந்திருக்காரு.”

“இருக்கட்டும்.”

“கண்ணு தெரியல அவருக்கு. என்னை உன் பேரு சொல்லிக் கூப்பிடறாரு.”

“நீ இல்லன்னு சொல்லு.”

“ஆரம்பத்துல சொன்னேன். இப்ப கொஞ்ச நாளா, ‘என்னப்பா’ன்னு கேக்கறேன்.”

நௌசோன் சாய்ந்த கழுத்தை நிமிர்த்தப் பார்த்தான், நிமிரவில்லை.

“என்ன கேக்கறாரு?”

“கல்லைத் தம்பி பக்கம் தள்ளி வெச்சியே, திருப்பி வெச்சியாடான்னு கேக்கறாரு. தினமும் கேக்கறாரு. நான் என்ன சொல்ல?”

அப்போது நௌசோன், கூட்டத்தில் கடைசியில் நின்ற சிமோனைப் பார்த்து, “ஒன்பது அடி நான்தான்டா நகர்த்தினேன். நீ நட்ட எடம் சரி,” என்றான். சிமோன் முகத்தை மூடிக்கொண்டான். “வெச்சாச்சுன்னு நானே போய்ச் சொல்லிக்கறேன்,” என்று லைக்கோனின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை வெயிலில் காட்டிவிட்டு நௌசோன் போனான். உடம்பு முழங்கால் மடங்கிச் சரிந்து, மறுபடி எழுந்து, கண்ணைச் சிமிட்டியது. லைக்கோன் வந்துவிட்டான். பலகை மேல் மிர்ரினா நின்றாள், நின்றது மட்டும்தான். கண் திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை.

பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தைனியாஸ் விரிசல் பானையைத் தட்டினார். ஐம்பது பேரும் சேர்ந்து கூப்பிட்டார்கள், ஒரு பெண்ணின் பெயரைப் பாடிப் பழக்கமில்லாததால் ஆளுக்கொரு ராகமாக வந்தது. லைக்கோன் அவள் கையைப் பிடித்தான், ஊற்றுக்கல் மாதிரி இருந்தது. வாழ்க்கையில் உரத்துப் பேசாதவன், நரம்பு புடைக்கக் கத்தினான்.

“மிர்ரினாவோட மந்தை மொத்தத்தையும் குடுக்கறேன்! ஒரு கூடை அத்திப்பழம் போதும்!”

தைனியாஸுக்குப் புரிந்துவிட்டது. “அரைக் கூடைதான் தருவேன்!”

“சரி, ஓட்டிட்டுப் போங்க!”

கீழே, வழவழப்பான அந்த இடத்தில், ஏதோ சுருக்கென்று குத்தியது.

“எவன்டா அவன்!” பலகை அதிர்ந்தது. “அரைக் கூடையா? உன் மூஞ்சிக்கு ஒரு கொம்பு வருமாடா அதுக்கு?” என்று தலைவரையே கழுத்தைப் பிடித்து உலுக்கினாள் மிர்ரினா. ஊர் சிரித்தது, லைக்கோன் மட்டும் விசும்பிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஊர் கூடிச் சில விதிகள் வகுத்தது. சொந்த ஊர்ச் சாவை இனி யாரும் பலகை மேல் ஏற்றக் கூடாது. ஊர் தெரியாத, பழைய, பெரிய இடத்து ராஜாக்கள் மட்டும். முகத்தில் நேராக எதையும் பூசாமல் துணியைப் பசையில் தோய்த்து ஒரு முகம் செய்து மாட்டிக்கொள்ள வேண்டும், வந்தவர் தங்க அது போதும், கழற்றினால் போய்விடுவார். வெளியூரிலிருந்தெல்லாம் கழுதை கட்டி வந்து பார்த்தார்கள், அழுதுவிட்டு லேசான உடம்போடு திரும்பினார்கள். அவர்கள் உட்காரத் தைனியாஸ் மரப்படிகள் அடித்தார்.

லைக்கோன் ஏறுவதை மிர்ரினா தடுக்கவில்லை. அவன் ஏறாவிட்டால் வேறொருத்தன் ஏறுவான், வேறொருத்தனுக்கு இவ்வளவு மெதுவாகப் பேசத் தெரியாது. அவளுக்கும் ஒன்று ஆகியிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. சந்தையில் கத்தும்போது, ஒருத்தி கத்துவதைக் கொஞ்சம் தள்ளி நின்று தானே பார்ப்பதுபோல இருந்தது. கை நன்றாகத்தான் ஓங்குகிறது, குரல் நன்றாகத்தான் ஏறுகிறது என்று தோன்றும். உடனே உடம்பு சில்லிடும், வெயிலில் போய் நிற்பாள்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், அதில் பேரம் இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டாள். அடுத்த திருவிழாவில் லைக்கோன் துணிமுகத்தை மாட்டிக்கொண்டு ஏறும்போது, அவன் கணுக்காலில் கிடா கட்டும் கயிற்றின் ஒரு முனை இருந்தது, மறுமுனை அவள் கையில். மரப்படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்கள். பாட்டு ஏறி ஏறி வந்து நின்றது. துணிமுகத்தின் பின்னால் அவன் மூச்சை இழுப்பது அவளுக்குக் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. பாடியவர்கள் காத்திருந்தார்கள். அவளுடையது ஆட்டைத் தூக்காமலே எடை சொல்கிற கை. கயிறு முதலில் லேசாயிற்று, அங்கே ஒருவருமே இல்லாததுபோல. பிறகு மெல்லக் கனத்தது, கனத்துக்கொண்டே போனது. வந்தவர் மிகவும் பெரிய ஆள். அவள் கயிற்றை மணிக்கட்டில் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டாள்.